யார் ஆடினாலும் கை தட்டுவோமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு டொரொண்டோவிலிருந்து என் தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரித்து முடித்ததும், தன் வேலையிடத்தில் நண்பர்களுக்குள் கிளம்பிய ஒரு வாக்குவாதத்தை என்னிடம் கொண்டு வந்தான். 2004–05 பருவத்தில் என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக், கதவடைப்பால் முழுவதுமாக நின்று போனது. அப்போது முதலாளிகள் வெளியிலிருந்து மாற்று ஆட்டக்காரர்களைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தியிருந்தால் இரசிகர்கள் அரங்குக்குப் போயிருப்பார்களா என்பதுதான் கேள்வி. பாதிப் பேர் போயிருப்பார்கள் என்றும், மீதிப் பேர் ஒருவரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்களாம். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மாமா?" என்று கேட்டான். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறவன். ஐஸை ஐஸ் கச்சாங் என்ற தின்பண்டத்தில் மட்டுமே நெருங்கிப் பார்த்தவன். ஆனாலும் புல்தரையில் ஹாக்கி ஆடியவன், வேலை நிறுத்தம் செய்த, ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன் என்ற இரண்டு தகுதிகள் எனக்கு உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு, அன்று தொலைபேசியில் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2004 செப்டம்பர் 16ஆம் தேதி லீக் தன் ஆட்டக்காரர்களுக்குக் கதவை அடைத்தது. ஆட்டக்காரர்கள் மட்டையைக் கீழே வைக்கவில்லை, முதலாளிகள்தாம் அரங்கைப் பூட்டினார்கள் என்பதை வாக்குவாதம் செய்கிறவர்கள் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதலாளிகள் கேட்டது சம்பள உச்சவரம்பு, அதாவது ஒரு குழு கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு. ஆட்டக்காரர்களின் சராசரி ஆண்டுச் சம்பளம் 18 இலட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது. வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சம்பளத்துக்கே போய்விடுகிறது என்று லீக் கணக்குக் காட்டியது. ஆட்டக்காரர்களின் சங்கம் அந்தக் கணக்கை நம்பவில்லை. டிசம்பரில் சங்கம் கையிலிருந்த ஒப்பந்தங்களிலெல்லாம் 24 விழுக்காட்டைக் குறைத்துக்கொள்ளவே முன்வந்தது, உச்சவரம்பு மட்டும் கூடாது என்றது. பிப்ரவரியில் சங்கம் உச்சவரம்புக்கும் இறங்கி வந்து பேசியபோது, ஒரு குழுவுக்கு 4 கோடியே 25 இலட்சம் டாலர் என்று லீக்கும், 4 கோடியே 90 இலட்சம் என்று சங்கமும் நின்றன. அந்த இடைவெளியிலேயே பேச்சு முறிந்தது. 2005 பிப்ரவரி 16ஆம் தேதி ஆணையர் கேரி பெட்மன் பருவத்தை இரத்து செய்தார். 1,230 ஆட்டங்கள் போயின. லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தில் அந்த ஆண்டின் வெற்றியாளர் பெயர் வர வேண்டிய இடத்தில், பருவம் ஆடப்படவில்லை என்ற வாசகமே இன்றுவரை இருக்கிறது. அதற்குப் பிந்திய மாதங்களில்தான், அடுத்த பருவத்தை யாரை வைத்தாவது தொடங்கிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஜூலையில் ஒப்பந்தம் முடிந்து, உச்சவரம்பும் 3 கோடியே 90 இலட்சம் டாலராகத் தொடங்கியது. பிப்ரவரியில் வேண்டாம் என்று தள்ளிய தொகையைவிட இது குறைவு. மாற்று ஆட்டக்காரர்கள் களத்தில் இறங்க வேண்டிய தேவையே வரவில்லை. என் மருமகனின் கேள்விக்கு நடைமுறையில் விடை கிடைக்கவும் இல்லை.

மாற்று ஆட்டக்காரர் என்ற சொல்லே எனக்குச் சற்று நாகரிகமாகப் படுகிறது. எங்கள் தோட்டத்தில் அதற்குக் கருங்காலி என்று பெயர். மரத்தை வெட்டும் கோடரிக்கு மரமே காம்பாவதுபோல, தன் கூட்டத்தை வீழ்த்தத் தானே துணை போகிறவன் என்ற பொருளில் தமிழில் ஊறிப்போன வசவு அது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தம், தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதனின் கைது, படை வந்தது, துப்பாக்கிச் சூடு ஆகியவற்றையெல்லாம் என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது துரைமார் மேல் வந்த கோபத்தைவிட, வேலைக்குப் போன ஓரிருவர் மேல் வந்த கோபமே அதிகமாக இருக்கும். எங்கள் வட்டாரத்தில் 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்த பிறகு, தோட்டத்தில் வேலை நிறுத்தம் என்ற சொல்லைப் பல ஆண்டுகளுக்குத் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள் என்பார். கருங்காலி என்ற சொல்லை மட்டும் எந்தக் காலத்திலும் யாரும் தாழ்ந்த குரலில் சொன்னதில்லை.

ஆனால் தொழிலாளி கருங்காலியை வெறுப்பது வேறு, இரசிகன் வெறுப்பது வேறு. இரசிகனுக்கு அந்தச் சண்டையில் சம்பளமும் இல்லை, சங்கமும் இல்லை. அவன் டிக்கெட் வாங்குகிறவன். அவன் என்ன செய்வான் என்பதை ஊகிக்க, அமெரிக்கக் கால்பந்தில் 1987இல் நடந்ததைப் பார்ப்பது நல்லது. அவ்வாண்டு செப்டம்பரில் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் ஒரு வார ஆட்டங்களை மட்டும் கைவிட்டு, அடுத்த மூன்று வாரங்களை மாற்று ஆட்டக்காரர்களை வைத்து நடத்தினார்கள். அந்த முடிவுகள் புள்ளிப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டன. அக்டோபர் 4ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில், 65,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கில், வந்தவர்கள் 4,074 பேர். அது தொழிற்சங்க ஊர். லாரி ஓட்டுநர் சங்கத்தார் வாசலில் மறியல் செய்தார்கள். உள்ளே போகிறவனின் முகத்தை வெளியே நிற்கிறவன் பார்த்தான். இரண்டு வாரம் கழித்து டல்லஸில் திங்கட்கிழமை இரவு ஆட்டத்துக்கு 60,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். டல்லஸ் குழுவின் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் சிலர் மறியலைத் தாண்டித் திரும்பிவிட்டிருந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். முழுக்க முழுக்க மாற்று ஆட்டக்காரர்களைக் கொண்ட வாஷிங்டன் குழு அவர்களை 13–7 என்று தோற்கடித்தது வேறு கதை. ஒரே லீக், ஒரே மாதம், ஒரே சச்சரவு. ஊர் மாறியபோது கூட்டமும் மாறியது. "இரசிகர்கள் ஆதரிப்பார்களா?" என்று மொத்தமாகக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது இதனால்தான். எந்த ஊர் இரசிகர்கள், வாசலில் நிற்பவர் யார் என்று கேட்டால் ஏதாவது பதில் சொல்லலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரங்குக்குப் போகாதவர்களில் பலர் வீட்டில் உட்கார்ந்து அதே ஆட்டத்தைப் பார்த்தார்கள். அந்த மூன்று வாரங்களில் அரங்குகளில் குறைந்த அளவுக்குத் தொலைக்காட்சிக்கு முன் கூட்டம் குறையவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இதே காட்சியை எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் நான் நேராகப் பார்த்திருக்கிறேன்.

1979ஆம் ஆண்டு, எனக்குப் பதினான்கு வயது. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் மலேசியா நான்காம் இடத்தைப் பிடித்ததும், அரையிறுதியில் இந்தியாவைக் கூடுதல் நேரம் வரை இழுத்துப் பிடித்து 3–2 என்று தோற்றதும் எங்கள் வட்டாரப் பையன்களின் கையில் ஹாக்கி மட்டையைத் திணித்திருந்தன. மட்டை என்று பெயருக்குச் சொல்கிறேன். பாதிப் பேரிடம் இருந்தது கொய்யாக் கிளை. தோட்டங்களுக்கிடையே கால்பந்துதான் பெரிய ஆட்டம் என்றாலும், கணக்கெழுதும் கிராணிமார், மருந்தகத்து டிரெசர், ஆசிரியர், அவர்களோடு பால்வெட்டும் இளைஞர்கள் சிலர் என்று எங்கள் தோட்டத்துக்கு ஒரு ஹாக்கிக் குழுவும் இருந்தது. அக்கம் பக்கத்துத் தோட்டங்களோடு ஒரு கிண்ணத்துக்காக ஆண்டுதோறும் ஆடுவார்கள். ஆட்ட நாளன்று பிற்பகல் வேலைக்கு வராத ஆட்டக்காரருக்கும் அரைநாள் சம்பளம் உண்டு என்பது பழைய நிர்வாகியின் வாய்மொழி ஏற்பாடு. புதிதாக வந்தவர் அதை நிறுத்தினார். தாளில் எங்கே இருக்கிறது, காட்டு என்றார். பால்வெட்டுகிற ஆட்டக்காரர்கள் ஆட மறுத்தார்கள். அவர்களுக்காக டிரெசரும் இரண்டு ஆசிரியர்களும்கூட மறுத்தது அந்தக் காலத்தில் பெரிய சங்கதி, ஏனென்றால் பங்களாப் பக்கத்து ஆள்களும் தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆள்களும் ஒன்றாக நின்றதை அதற்கு முன் நாங்கள் அதிகம் பார்த்ததில்லை.

நிர்வாகம் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அதே கம்பெனியின் வேறொரு தோட்டத்திலிருந்து ஏழெட்டுப் பேரையும் பட்டணத்திலிருந்து சிலரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் குழுவின் பச்சை வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டது. அந்த லாரியைப் பார்த்ததும் என் அப்பாவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன், அவர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, அதே நிற லாரியில்தான் கொந்தராக்கு (ஒப்பந்த) ஆள்கள் வந்து இறங்கி அவர்களுடைய நிரைகளில் பால் வெட்டினார்கள். மரத்துக்கு யார் கை என்று தெரியுமா, வெட்டினால் பால் வரும் என்று அப்போது அவர் சொன்னாராம். திடல் பக்கம் போகக் கூடாது என்று எனக்குக் கட்டளையிட்டுவிட்டுக் கள்ளுக்கடைக்குப் போனார். அன்று ஆண்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருந்தார்கள். கள்ளுக்கடை மேட்டிலிருந்து பார்த்தால் திடலின் பாதியும் ஒரு கோல் கம்பமும் நன்றாகத் தெரியும். திடலுக்கு ஒருவரும் போகவில்லை என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அத்தனை பேரும் பானையைப் பார்த்து உட்காராமல் திடலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நான் கட்டளையை மீறி, ஆயக்கொட்டகைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு திடலுக்கே போய்விட்டேன். பிள்ளைகள், கிராணி வீட்டார், நாற்காலியில் நிர்வாகி, ஐஸ் விற்கிறவர் என்று மொத்தம் அறுபது எழுபது பேர் இருந்திருக்கலாம். வழக்கமான கூட்டத்தில் கால்வாசிகூட இல்லை. சட்டை எங்கள் சட்டை, முகம் ஒன்றும் தெரிந்த முகமில்லை. முதல் பாதி முழுக்க யாரும் வாய் திறக்கவில்லை. பந்து மட்டையில் படும் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டு நான் அறிந்ததில்லை. இரண்டாம் பாதியில், எங்கள் சட்டை போட்டிருந்த வலது ஓர ஆட்டக்காரன், என்னைவிட நான்கைந்து வயது மூத்த ஒல்லிப் பையன், கோட்டை ஒட்டியே பந்தைக் கொண்டு வந்து, எதிரே வந்தவனை ஏமாற்றி உள்ளே வெட்டி, மட்டையைத் திருப்பிப் பிடித்துக் கோல் காப்பாளரின் இடது காலுக்கும் கம்பத்துக்கும் இடையே தட்டிவிட்டான். நான் கை தட்டினேன். யோசித்துத் தட்டவில்லை; கண் பார்த்தது, கை தட்டியது. தட்டிய பிறகுதான் யாருடைய இடத்தில் யார் ஆடுகிறான் என்பது நினைவுக்கு வந்து, கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

இரசிகன் என்கிற பிராணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு கணத்தில் கற்றதுதான். அவன் சட்டைக்காகப் போகிறான், ஆட்டம் நன்றாக இருந்தால் தட்டுகிறான், தெரிந்தவர் பார்க்கிறார் என்றால் நிறுத்திக்கொள்கிறான். என்.எச்.எல். இரசிகர்கள் வெறும் ஆட்டத்தை மட்டும் நேசித்தவர்களாக இருந்திருந்தால், அந்தக் குளிர்காலத்தில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல். தடையில்லாமல் நடந்தது; ஜேசன் ஸ்பெட்ஸா, எரிக் ஸ்டால் போன்றவர்கள் அதில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்; சிட்னி கிராஸ்பி கியூபெக்கின் ரிமூஸ்கியில் இளையோர் லீக்கில் ஆடினான். ஆனாலும் கனடா முழுவதும் ஹாக்கி இல்லாத குளிர்காலம் என்றே புலம்பினார்கள். அவர்கள் தேடியது டொரொண்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் சட்டையை, மொன்றியாலின் கனடியன்ஸ் சட்டையை. அந்தச் சட்டைக்குள் யாரையாவது நுழைத்தால் கொஞ்ச காலம் கூட்டம் வரும் என்று முதலாளிகள் நினைத்திருந்தால், அது முழுத் தவறான கணக்கு இல்லை.

கூட்டத்தைவிடச் சட்டம்தான் அவர்களுக்குப் பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. அன்று லீக்கில் 30 குழுக்கள்; 24 அமெரிக்காவில், ஆறு கனடாவில். அமெரிக்கச் சட்டப்படி, பேச்சு முற்றிலும் முட்டுச்சந்தில் நிற்கிறது என்று நிறுவினால், முதலாளி தன் கடைசி நிபந்தனைகளை நடைமுறைப்படுத்திக் கதவைத் திறந்துவிடலாம். வருகிறவன் வரலாம், வராதவன் இடத்தில் வேறொருவனை வைக்கலாம். ஆனால் கியூபெக்கில் 1977ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1993 முதல் இருக்கும் சட்டமும் சச்சரவுக் காலத்தில் மாற்றுத் தொழிலாளரை வைப்பதைத் தடுக்கின்றன. மொன்றியால், வான்கூவர் ஆகிய இரண்டு குழுக்களும் எங்கே ஆடும்? வேலை நிறுத்தம் நடக்கும் இடத்துக்கு வெளிநாட்டு ஆள்களைக் கொண்டு வருவதை அமெரிக்கக் குடிநுழைவு விதிகளும் மறிக்கின்றன. கனடியர்கள் இல்லாமல் ஐஸ் ஹாக்கிக் குழுக்களை நிரப்புவது, தேங்காய் இல்லாமல் நாசி லெமாக் விற்பதைப் போன்றது. ஆட்டக்காரர்களின் வேலை நிறுத்தத்தின்போது மாற்று ஆட்டக்காரர்களை இறக்க முனைந்த பேஸ்பால் முதலாளிகள் 1995இல் இதே சுவரில் முட்டிக்கொண்டார்கள். ஒன்டாரியோவில் அப்போது இருந்த தடைச் சட்டத்தால், டொரொண்டோ புளூ ஜேஸ் குழு தன் ஊர் ஆட்டங்களை ஃபுளோரிடாவின் டனீடினில் ஆடத் திட்டமிட்டிருந்தது. பால்டிமோர் உரிமையாளர் பீட்டர் ஆஞ்சலோஸ் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கவே மறுத்துவிட்டார். டெட்ராய்ட் மேலாளர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் அவர்களைப் பயிற்றுவிக்க மாட்டேன் என்று வீட்டுக்குப் போனார். பருவம் தொடங்குவதற்குச் சற்று முன், மார்ச் 31ஆம் தேதி நீதிபதி சோனியா சோட்டோமேயர் பிறப்பித்த தடையுத்தரவால் அந்த ஏற்பாடே கலைந்தது.

கருங்காலி யார் என்பதும் ஐஸ் ஹாக்கியில் அத்தனை நேரான கணக்கு இல்லை. கதவடைப்புக் காலத்தில் 300க்கும் மேற்பட்ட என்.எச்.எல். ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள குழுக்களில் ஆடினார்கள். ஜோ தார்ன்டனும் ரிக் நாஷும் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் குழுவுக்குப் போய்ப் பட்டத்தையே வென்று கொடுத்தார்கள். அவர்கள் உட்கார்ந்த ஒவ்வொரு நாற்காலியிலும் அதற்கு முந்திய வாரம்வரை உள்ளூர்க்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தன் வேலையை வேறொருவன் எடுத்துவிடக் கூடாது என்று சங்கத்தில் நின்றவன், சுவீடனிலோ இரஷ்யாவிலோ வேறொருவன் வேலையை எடுத்துக்கொண்டான். அந்த ஊர் இரசிகர்கள் அதற்கு மகிழ்ந்து கை தட்டினார்கள், ஏனென்றால் வந்தவன் போனவனைவிட நன்றாக ஆடினான். என் மருமகனிடம் இதைச் சொன்னபோது மட்டும் அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

ஆக, 2005 இலையுதிர்காலத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு என் ஊகம் இதுதான். ஹாக்கி புதிதாக நுழைந்திருந்த தென் மாநில ஊர்களில், மலிவு டிக்கெட்டுக்கு முதல் சில வாரங்கள் ஓரளவு கூட்டம் வந்திருக்கும். டெட்ராய்ட் போன்ற கார்த் தொழிற்சங்க ஊரில் வாசலிலேயே சண்டை நடந்திருக்கும். டொரொண்டோவில், கோடீசுவரர்கள் இரு தரப்பும் நாசமாகப் போகட்டும் என்று திட்டிக்கொண்டே பருவச் சீட்டுக்காரர்கள் வந்திருப்பார்கள். இனி வாழ்நாளில் அரங்கை மிதிக்க மாட்டேன் என்ற சபதங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பேஸ்பாலில் 1995இல் கூட்டம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது உண்மை. ஆனால் ஒரு பருவத்தையே விழுங்கிய என்.எச்.எல். திரும்பி வந்த 2005–06இல், அதற்கு முன் இல்லாத அளவுக்கு இரசிகர்கள் அரங்குகளை நிரப்பினார்கள். முதலாளிகளுக்கு இது தெரியும்; அதனால்தான் 2012இல் மறுபடியும் துணிந்து கதவை அடைத்தார்கள், அப்போதும் இரசிகர்கள் திரும்பி வந்தார்கள்.

மருமகன் விடவில்லை. "நீங்கள் போயிருப்பீர்களா, மாமா? அதைச் சொல்லுங்கள்" என்றான். தொலைபேசியில் மழுப்பிவிட்டேன். தோட்டத்து ஆட்டத்துக்கு மறுநாள் காலை நடந்ததை அவனிடம் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி, ஆட மறுத்த வலது ஓர ஆட்டக்காரரின் அம்மா இருந்தார். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். பள்ளிக்குப் புறப்படும் முன் பொதுக்குழாயில் வாளியை வைத்துவிட்டு நின்றபோது அவரும் குடத்தோடு வந்தார். நேற்று நான் எங்கே இருந்தேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். திட்டப்போகிறார் என்று நினைத்து வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடத்தைக் கீழே வைத்து, சேலைத் தலைப்பால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டே, அக்கறையாகத்தான் கேட்டார்:

"கோலு நல்லா இருந்துச்சாய்யா?"

வாளி நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடினேன்.